படிக்காமல் போட்ட கையெழுத்து

20 மே 2024, திங்கள்

ஐந்நூற்றுக்கு நானூற்று அறுபத்தெட்டு. கணக்கில் மட்டும் தொண்ணூற்றேழு. இந்த மார்க்கை வைத்துக்கொண்டு என் மகள் ஆனி இன்று ஹிஸ்டரி குரூப்பில் சேர்ந்துவிட்டாள்.

பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் 'பயாலஜி-மேத்ஸ்' என்று நேற்றே நான் எழுதி வைத்திருந்தேன். ஸ்கூல் ஆபீசில் கிளார்க் கையை நீட்டும்போது, "ஒரு நிமிஷம் சார்" என்று அவள் தாளை வாங்கினாள். என் எழுத்தின் மேல் ஒரு கோடு. கீழே 'வரலாறு, பொருளியல்' என்று அவள் கையெழுத்து. கிளார்க் மார்க் ஷீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேற பிள்ளை மார்க் ஷீட்டை மாத்தி வெச்சிட்டீங்களா சார்?" என்றார்.

அந்த இடத்தில் என்ன சொல்வது? வரிசையில் பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். சிரித்து வைத்தேன்.

ஏன் என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்கிறாள். எனக்கு இருபத்தாறு வருஷமாக நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கட்டுவது பிடித்தா இருக்கிறது? செத்துப்போன ராஜாக்கள் எந்த வருஷம் செத்தார்கள் என்று மனப்பாடம் பண்ணி என்ன கிழிக்கப்போகிறாள்?

என் மனைவி அன்னாள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "முந்தாநாளே எங்கிட்ட சொல்லிட்டா" என்றாள். ஆக, வீட்டில் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

22 மே, புதன்

கேன்டீனில் மூன்று பேர் கேட்டார்கள், "பொண்ணுக்கு மார்க் கம்மியா, சேவியர்?" என்று. மூன்று பேரிடமும் மார்க்கைச் சொன்னேன். சொன்ன பிறகு அவர்கள் பார்த்த பார்வைக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

15 ஜூன், சனி

ஸ்கூல் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வீட்டில் விசாரணை ஆரம்பித்துவிட்டது.

மலர்விழி டீச்சர் என்று ஒருவர். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறார், ஹிஸ்டரி எடுக்கிறார். அவர் கொடுத்த வீட்டுப்பாடம்: குடும்பத்தில் நடந்த ஒரே சம்பவத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதி வர வேண்டும். நாங்கள் இந்த குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த நாளை ஆனி எடுத்துக்கொண்டாள்.

நான் சொன்னேன்: டிசம்பர் மாதம், கொட்டுகிற மழை, லாரியில் தார்ப்பாய் போதவில்லை, மெத்தை முழுக்க நனைந்தது, கைக்குழந்தை ஆனியை நான்தான் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்தேன். கண்ணை மூடினால் இப்போதும் தெரிகிறது.

அன்னாள் சமையலறையிலிருந்து, "மழையா? அன்னைக்கு வெயில் மண்டையைப் பொளந்துச்சு. மார்ச் மாசம்" என்றாள்.

தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றுதானே சொன்னார்கள்? அவள் ஏன் இடையில் வருகிறாள்?

18 ஜூன், செவ்வாய்

கேஸ் கனெக்‌ஷன் மாற்றிய ரசீதை எங்கிருந்தோ தோண்டி எடுத்துவிட்டாள். 2009 மார்ச் பதினொன்று.

சரி, மார்ச். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் எழுதியிருந்ததைப் படித்ததும்தான் எரிச்சல். 'அப்பா சொன்னது பொய் இல்லை. இதற்கு முன் இருந்த குள்ளஞ்சாவடி வீட்டுக்கு மாறிய நாளின் மழை இந்த நாளோடு வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். உறுதியாகத் தெரியவில்லை.' அதன் கீழ் டீச்சர் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதியிருக்கிறார். என் ஞாபகம் தப்பு என்பதற்கு ஒரு நன்று. பெற்ற அப்பனைத் திருத்துவதற்கா பாடம் நடத்துகிறார்கள்?

மெத்தை நனைந்தது நிஜம். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

7 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, சோமசுந்தரம் சார் வாசலில் நின்றார். எங்கள் பிளாக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர். சர்வீஸ் முடிய அவருக்கு இன்னும் இரண்டு வருஷம். ஆனி டைஃபாய்டில் துவண்டு கிடந்தபோது தன் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனவர். எனக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு.

கையில் ஒரு மனு வைத்திருந்தார். சமுதாயக்கூடத்துச் சுவர் ஓரமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கிற சாமியம்மாளை அங்கிருந்து கிளம்பச் சொல்லும் மனு. கூடவே ஒரு ஜெராக்ஸ். 1995-இல் சங்கம் போட்ட தீர்மானம், அன்றைய தலைவர் மணிமாறன் கையெழுத்து. அந்த இடம் குடியிருப்போர் வண்டி நிறுத்த மட்டுமே, வேறு யாருக்கும் விடக்கூடாது என்று அதில் இருந்தது.

"ரூல் இருக்கு சேவியர். நாம புதுசா எதையும் சொல்லலை. பெரியவங்க அப்பவே எழுதி வெச்சுட்டுப் போனது" என்றார்.

போட்டேன். என்னுடையது மூன்றாவது கையெழுத்து. ஜெராக்ஸில் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

8 ஜூலை, திங்கள்

ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்த ஜெராக்ஸை ஆனி பார்த்துவிட்டாள்.

"இதைப் படிச்சீங்களாப்பா?"

"பார்த்தேன்."

"படிச்சீங்களா?"

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்த ஆளிடம் கேட்கிற கேள்வியா? சாமியம்மாள் பாவம், எங்கே போவாள் என்று கேட்பாள் என நினைத்தேன். அதற்குப் பதில்கூட யோசித்துவிட்டேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"இது எப்ப எழுதினது?" என்றாள்.

"மேலேயே போட்டிருக்கே, கண்ணு தெரியலையா? பதினாலு எட்டு தொண்ணூத்தஞ்சு."

"அது தாள்ல போட்டிருக்கிற தேதி. எழுதினது எப்ப?"

கோபத்தில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு மாதம் ஹிஸ்டரி படித்துவிட்டு, வயதில் பெரியவர் கொடுத்த தாளைச் சந்தேகப்படுகிறாள். இதுதான் படிப்பா?

10 ஜூலை, புதன்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவள் ஒரு ரஃப் நோட்டில் தன் சந்தேகங்களை எழுதி வைத்திருந்தாள். முதல் சந்தேகம், அந்தத் தீர்மானக் கடிதம் கம்ப்யூட்டரில் அடித்தது, தொண்ணூற்றைந்தில் அது இருந்திருக்குமா என்பது. "ஏன் இருக்காது? என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையே தொண்ணூத்தி நாலுல கடலூர்ல கம்ப்யூட்டர்ல அடிச்சதுதான்" என்றேன். உடனே அந்தச் சந்தேகத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டாள்.

"உனக்குச் சாதகமா இருந்ததை நீயே அடிக்கிறே?"

"நிக்காதுப்பா. நிக்காததை வெச்சுக்கிட்டா மத்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க."

அடுத்ததைக் காட்டினாள். கடிதத்தின் தலைப்பில் 'நெய்வேலி, கடலூர் மாவட்டம்' என்று இருக்கிறது. "இதுல என்ன தப்பு?" என்றேன். என் பழைய சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டாள். வேலைக்கு எழுதிப்போட எடுத்தது, டிரங்க் பெட்டி அடியில் பத்திரமாக இருக்கிறது. எடுத்து வந்தேன்.

1995 மே. தாசில்தார் முத்திரை. 'கடலூர் வட்டம், தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்.'

தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். அப்போது அப்படித்தானே எழுதுவோம். எத்தனை விண்ணப்பத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். தொண்ணூற்றேழில் எல்லா மாவட்டத்திலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்த பிறகுதான் கடலூர் மாவட்டம் என்று ஆனது. அந்த வருஷத்தை வாழ்ந்தவன் நான். பிறக்காதவள் கண்டுபிடிக்கிறாள்.

"அப்ப இது போலியா?" என்றேன்.

"தெரியாதுப்பா. தொண்ணூத்தஞ்சுல இப்படியே எழுதியிருக்க வாய்ப்பு கம்மி. அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும்."

அவளுக்கு அவசரமே இல்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

13 ஜூலை, சனி

சோமசுந்தரம் சார் வீட்டுக்குப் போனேன். சண்டைக்கு இல்லை. மரியாதையாகக் கேட்கத்தான் போனேன்.

வாசலில் புதுக் கார் வெயிலில் நிற்கிறது. அதன் மேல் ஒரு போர்வை. நான் உட்காருவதற்குள், அந்தக் கரிப்பெட்டியிலிருந்து பறக்கிற சாம்பல் எல்லாம் கண்ணாடியில் படிகிறது என்றார். சுவர் ஓரம் ஒரு ஷெட் போட்டால் நான்கு கார் நிற்குமாம். எங்கள் பிளாக்கில் கார் வைத்திருப்பவர்களை எண்ணினேன். நான்கு பேர்தான்.

மாவட்டம் பெயரைச் சொன்னேன். சிரித்தார்.

"யாரு, உங்க ஆனி கண்டுபிடிச்சாளா? ஹிஸ்டரி குரூப்தானே. உருப்படியா ஒரு குரூப்ல சேர்த்துவிட்டிருந்தா இதுக்கெல்லாம் நேரம் இருக்காது. படிக்க ஒண்ணும் இல்லைன்னா பிள்ளைங்களுக்கு இப்படித்தான் தோணும்."

"மார்க் நானூத்தி அறுபத்தெட்டு சார்" என்று மட்டும் சொன்னேன். நாக்கு இருக்கிறதா இல்லையா எனக்கு?

பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் பார்க்கலாமா என்றதற்கு, 2011-இல் அடித்த 'தானே' புயலில் கூடத்துக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் போய்விட்டது என்றார்.

திரும்பி நடக்கும்போது உடம்பெல்லாம் எரிந்தது. என் பெண்ணை என் முன்னாலேயே எப்படிச் சொல்லலாம்? தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்த பிறகுதான் உறைத்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மே மாதம் நான் சொன்னது. அதனால் கோபம் குறையவில்லை. இரண்டு பங்காக ஆனது.

14 ஜூலை, ஞாயிறு

எல்லாம் தண்ணீரில் போனது என்றால் இந்த ஒரு தாள் மட்டும் எப்படித் தப்பியது? இதை ஆனி கேட்கவில்லை. பூசையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கே தோன்றியது.

16 ஜூலை, செவ்வாய்

இஸ்திரிக்குத் துணி கொண்டுபோனேன். சாமியம்மாள் வாங்கவில்லை. முத்தாண்டிக்குப்பம் பக்கத்துக்காரி. கணவன் போன பிறகு தனியாகத்தான் வண்டியைப் பார்க்கிறாள்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம் சார். இப்ப வாங்கி வெச்சிகினு இன்னா பண்றது?"

"பேசிப் பார்க்கலாம் சாமியம்மா."

"யாருகிட்ட பேசுவீங்க? நீங்களுந்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. செக்கரட்டரி சார் காட்டுனாரு. மூணாவதா உங்க பேரு. எனக்குப் படிக்கத் தெரியும் சார்."

பெட்டியிலிருந்த கரியைக் கிளறிக்கொண்டே பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் குரலை உயர்த்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். முப்பது வருஷம் என்றாள்.

துணி மூட்டையோடு அப்படியே திரும்பினேன். கசங்கிய சட்டையோடுதான் டியூட்டிக்குப் போனேன். போகட்டும்.

21 ஜூலை, ஞாயிறு

வடலூர். ஆனியைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போய் மணிமாறன் வீட்டைத் தேடிப்பிடித்தோம். வள்ளலார் சபைக்குப் போகிற வழியில் இரண்டாவது சந்து. ரிட்டையர் ஆகி இருபது வருஷம் இருக்கும். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி தெம்பாக இருக்கிறார். ஜெராக்ஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கையெழுத்து என்னுது மாதிரிதான் இருக்கு. ஆனா தொண்ணூத்தஞ்சுல நான் தலைவரே இல்லையே. தொண்ணூத்தொம்பதுலதான் ஆனேன்."

எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. போதும், கிளம்பலாம் என்று ஆனியைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"தொண்ணூத்தொம்பதுன்னு எப்படி தாத்தா ஞாபகம் இருக்கு?"

"பெரிய பொண்ணு கல்யாணம் அந்த வருஷம்தான். தலைவர்னு பத்திரிகையில போட்டேன்."

"அந்தப் பத்திரிகை இருக்குமா?"

அவர் முறைத்தார். எனக்கும் சங்கடமாகப் போயிற்று. பெரிய மனுஷன் வார்த்தை போதாதா? பிறகு அவரே உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தார். பத்திரிகை இல்லை. சங்கத் தேர்தல் நோட்டீஸ் ஒன்று இருந்தது. 1999 ஏப்ரல். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மணிமாறன், முன்னாள் தலைவர் வேறு ஒருவர் பெயர்.

பையில் போட்டோக்களும் இருந்தன. 2001 பொங்கல் விழா. பின்னால் அதே சுவர், அதே மூலை, காலி இடம். 2004 குடியரசு தினம். அதே மூலையில் இஸ்திரி வண்டி, பக்கத்தில் சாமியம்மாளின் கணவன் சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டிலும் தேதியோடு பேனர் இருக்கிறது.

அந்த இடத்தை வண்டி நிறுத்த ஒதுக்கியதாக அவருக்கு ஞாபகம் உண்டா என்று கேட்டாள். "பேசியிருப்போம். பேசலைன்னும் சொல்ல முடியாது. தீர்மானம் போட்ட ஞாபகம் இல்லை" என்றார். அதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது தலைவர் ஆன வருஷத்தை அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், நோட்டீஸையும் போட்டோக்களையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டோம்.

22 ஜூலை, திங்கள்

இன்று ஆனியோடு பெரிய சண்டை.

சாமியம்மாள் முப்பது வருஷம் என்கிறாள். போட்டோப்படி பார்த்தால் இருபது, மிஞ்சிப்போனால் இருபத்து மூன்று. வருகிற ஞாயிறு மனு பேச்சுக்கு வரும் சங்கப் பொதுக்குழுவில் இதையும் சொல்ல வேண்டும் என்கிறாள்.

"உனக்குப் பைத்தியமா? அவங்க கையில நாமளே கத்தியக் கொடுக்கறதா? நம்ம பக்கம் இருக்கறதை மட்டும் சொன்னா போதாதா?"

"அதைத்தானேப்பா சோமசுந்தரம் அங்கிள் பண்ணினார்?"

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அன்னாள் நடுவில் வந்து நின்றாள். ஓங்கியதே தப்பு. எதற்கு ஓங்கினேன் என்று இப்போது யோசித்தால், அவள் சொன்னது தப்பு என்பதற்காக இல்லை. சரி என்பதற்காகத்தான்.

ஆனாலும் கேட்கிறேன், ஏழை ஒருத்தி ஏழு வருஷம் கூட்டிச் சொன்னதும், காருக்கு நிழல் வேண்டும் என்று ஒருவர் தாள் தயார் பண்ணுவதும் ஒன்றா? ஆனி ஒன்று என்று சொல்லவில்லை. இரண்டையும் சொல்லிவிட்டு, ஒன்றில்லை என்று சொல்லலாம் என்கிறாள்.

24 ஜூலை, புதன்

நானே போய்ச் சாமியம்மாளிடம் போட்டோவைக் காட்டினேன். கணவனைப் பார்த்ததும் தாளை வாங்கி முந்தானையால் துடைத்தாள். அது ஜெராக்ஸ், துடைக்க ஒன்றுமில்லை.

முப்பது இல்லை போலிருக்கிறதே என்றேன்.

"வருசத்த யாரு சார் எண்ணிகினு இருந்தா? பெரியவன் அப்பத்தான் தவழ்ந்துகினு இருந்தான். இந்த வண்டிச் சக்கரத்துலதான் துணியால கட்டி வெப்பேன். அவனுக்கு இப்ப இருவத்திரெண்டு."

2002, 2003. போட்டோவோடு சரியாகப் பொருந்துகிறது. முப்பது என்று யார் சொன்னது என்று கேட்டேன். "கொறச்சுச் சொன்னா நேத்து வந்தவன்னு தொரத்துவீங்க" என்றாள். 'தொரத்துவாங்க' என்று சொல்லவில்லை. தொரத்துவீங்க.

26 ஜூலை, வெள்ளி

ஸ்கூல் வாசலில் காத்திருந்து மலர்விழி டீச்சரைப் பார்த்தேன். சின்ன வயசுதான், முப்பத்தைந்துகூட இருக்காது. எல்லாவற்றையும் காட்டி, "நீங்க ஒரு வார்த்தை சரின்னு எழுதிக் கொடுங்க டீச்சர், கூட்டத்துல காட்டறோம்" என்றேன்.

"நான் எழுதிக் கொடுத்தா அதையும் படிக்காமத்தானே சார் நம்புவாங்க?" என்றார்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் அப்படி நினைத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது, உடனே வேறு பேச்சுக்குப் போனார். குரூப்பில் மொத்தம் பதினொரு பிள்ளைகள். அடுத்த வருஷம் பத்துக்குக் கீழ் போனால் இந்த குரூப்பையே எடுத்துவிடுவார்களாம். அந்த அறையில் இன்னொரு கம்ப்யூட்டர் லேப் வரும்.

"பெத்தவங்களே வேணாம்னுதானே சொல்றாங்க" என்றார்.

28 ஜூலை, ஞாயிறு

பொதுக்குழு. சமுதாயக்கூடத்தில் அறுபது பேருக்கு மேல். எந்தப் பொதுக்குழுவுக்கும் இவ்வளவு பேர் வந்ததில்லை. இப்போதைய தலைவி விஜயலட்சுமி மேடம் நடுவில் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு வெளியே சாமியம்மாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

முதலில் நான் எழுந்தேன். மனுவில் இருக்கிற என் கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன், படிக்காமல் போட்டுவிட்டேன் என்றேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சாதிச் சான்றிதழ், தேர்தல் நோட்டீஸ், மணிமாறன் எழுதிக் கொடுத்த தாள், எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன்.

சோமசுந்தரம் சார் அசரவில்லை. "கடலூர்ப் பக்கம்னா கடலூர் மாவட்டம்னு பேச்சுல சொல்றதுதான். அது ஒரு பெரிய தப்பா?" என்றார்.

ஆனி எழுந்து, பேசலாமா என்று தலைவியைக் கேட்டுவிட்டுப் பேசினாள்.

"இருக்கலாம் அங்கிள். அது ஒண்ணை மட்டும் வெச்சிருந்தா நாங்க பேசியே இருக்க மாட்டோம். ஆனா அந்த வருஷம் தலைவரா இல்லாதவர் தலைவர்னு கையெழுத்துப் போட்டிருக்கார். ரெண்டும் சேர்ந்து வரும்போது அந்தத் தேதியில இந்தத் தாள் எழுதினதா நம்ப முடியலை." நோட்டைப் புரட்டிவிட்டு, "இன்னொண்ணும் சொல்லணும். சாமியம்மாக்கா முப்பது வருஷமா இருக்கேன்னு சொல்றதும் சரியில்லை. 2001-க்கு அப்புறம், 2004-க்கு முன்னாடி வந்திருக்காங்க" என்றாள்.

கூடம் முழுக்க ஒரே பேச்சு. சோமசுந்தரம் சார் எழுந்துவிட்டார். "பாத்தீங்களா, அவங்க வாயாலேயே வந்துடுச்சு. அந்தம்மா சொல்றது பொய்." சொன்னேனே, கத்தியை நாமே கொடுக்கிறோம் என்று சொன்னேனே.

விஜயலட்சுமி மேடம் மேஜையைத் தட்டினார். "தனக்குப் பாதகமா இருக்கறதையும் யாரும் கேக்காமலே சொல்ற பொண்ணு, மத்ததை மட்டும் ஏன் சார் ஜோடிக்கப் போகுது? நீங்க உங்க தாளைப் பத்திச் சொல்லுங்க. ஒரிஜினல் எங்க?"

சோமசுந்தரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரிஜினல் இல்லை. புயல்ல போச்சு. எனக்கு ஞாபகம் இருந்ததை வெச்சு நானே போன மாசம் அடிச்சேன். மணிமாறன் கையெழுத்து வேற ஒரு பேப்பர்ல இருந்துச்சு. அதை எடுத்துச் சேர்த்தேன். அப்படி ஒரு தீர்மானம் இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு."

கோபத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். அவரைப் பார்த்தால் கத்த வரவில்லை. ஏனென்றால் அவர் அதை நிஜமாகவே நம்புகிறார். என் மழை மாதிரி.

மனு கைவிடப்பட்டது. இரண்டு பேர் மட்டும் எதிர்த்தார்கள்.

29 ஜூலை, திங்கள்

சோமசுந்தரம் சார் வழியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். டைஃபாய்டு நேரத்தில் அவர் கார் ஓட்டியது பொய்யாகிவிடுமா? ஆகாது. அதுவும் நடந்தது, இதுவும் நடந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டால் எவ்வளவு நிம்மதி.

31 ஜூலை, புதன்

சாமியம்மாள் துணியை வாங்கிக்கொண்டாள். நாளை மாலை வரச் சொன்னாள். ஆனியை மட்டும் கூப்பிட்டு, "ஏம்மா, எட்டு வருசத்தக் கொறச்சிட்டியே, உனக்கு நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள் என்று ஆனி சொல்கிறாள். நிச்சயமாகச் சிரித்தாளா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

செயலாளர் பொறுப்பிலிருந்து சோமசுந்தரம் சார் விலகிவிட்டார். பொதுக்குழு நடவடிக்கையை எழுத ஆள் இல்லாததால், என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று விஜயலட்சுமி மேடம் மினிட்ஸ் புத்தகத்தை என்னிடம் அனுப்பினார். புதுப் புத்தகம். போனிலும் பேசினார்.

"அதிகமா எதுவும் எழுத வேணாம் சேவியர் சார். இஸ்திரி வண்டி விவகாரம் பேசப்பட்டது, சுமுகமாக முடிந்ததுன்னு ரெண்டு வரி. அவரும் பெரிய மனுஷர். நமக்குள்ள எதுக்கு?"

சரி மேடம் என்றேன். போனை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். சுமுகமாம். ஒரு பொம்பளையை மூன்று வாரம் துணி வாங்க முடியாமல் நிற்க வைத்துவிட்டு, சுமுகமாம். அவருக்காக மட்டும் சொல்கிறாரா? கையெழுத்துப் போட்ட இருபத்து நான்கு பேருக்கும் சேர்த்துத்தானே. எனக்கும் சேர்த்துத்தானே.

நாளைக்கே இந்தப் புத்தகத்தை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். சுமுகம் என்று இருந்தால் சுமுகம் என்றுதான் நினைப்பார்கள்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து காலையிலேயே எழுதினேன். கடிதம் எப்படி வந்தது, யார் தயாரித்தது, அவரே அதை எப்படி ஒப்புக்கொண்டார் என்பதை எழுதினேன். அப்படி ஒரு தீர்மானம் எப்போதாவது இருந்ததா என்பது தெரியவில்லை என்றும் எழுதினேன். சாமியம்மாள் 2001-க்கும் 2004-க்கும் இடையில் வந்தவர். முப்பது ஆண்டுகள் என்று அவர் சொன்னது பிழை, இருபது ஆண்டுகளுக்கு மேல் என்பது உறுதி. கடைசி வரியாக, 'இதை எழுதுகிற சேவியர்ராஜ் ஆகிய நானும் மனுவில் கையெழுத்திட்டவன். இணைத்திருந்த கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன்' என்று எழுதினேன். விஜயலட்சுமி மேடம் கிழிக்கச் சொன்னால் அவரே கிழிக்கட்டும்.

ஆனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றுகொண்டே முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

"எழுதின தேதி போடலையேப்பா. கூட்டம் நடந்த தேதி மட்டும்தான் இருக்கு" என்றாள்.

போட்டேன்.